மண்ணையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும்: மரின் கவுண்டியின் ஓடைகளும் சதுப்புகளும்

கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் தெற்கு முனையில் சான் ஃபிரான்சிஸ்கோ. வடக்கு முனையில் இறங்கினால் மரின் கவுண்டி. கவுண்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே பசிபிக் பெருங்கடல், தெற்கே கோல்டன் கேட் நீரிணை, கிழக்கே சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா என்று மூன்று பக்கமும் தண்ணீர். நிலப்பரப்பு சுமார் 1,350 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல்.

நீர்ப்பிடிப்புப் பகுதி, ஓடை, ஈரநிலம் என்ற மூன்று சொற்களும் சுற்றுச்சூழல் செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. படிக்கும்போது மூன்றும் தனித்தனி விஷயங்களாகத் தெரியும். மரினில் மலை உச்சி, ஓடை, கடலோரச் சதுப்பு மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு வரலாம். எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் குறைவு.

முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஓட்டு வீட்டுக் கூரையில் விழும் மழை, நடு முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் வாசலுக்கும், அந்தப் பக்கம் விழுந்தால் கொல்லைக்கும் போகும் அல்லவா? நிலத்திலும் அதேதான். ஓர் ஓடையின் முகத்துவாரத்தில் நின்றுகொண்டு, 'இங்கே வரும் தண்ணீர் எந்தெந்த இடத்தில் விழுந்த மழை?' என்று கேட்டால், அதற்குப் பதிலாகக் கிடைக்கும் நிலம் முழுவதும் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு, மேய்ச்சல் நிலம், பள்ளிக்கூட மைதானம், வீட்டுக் கூரை, தார்ச்சாலை எல்லாமே அதற்குள் அடங்கும். ஊர் எல்லையும் வார்டு எல்லையும் இதில் செல்லாது.

மரினின் முகடு தமால்பைஸ் மலை. உயரம் 784 மீட்டர். உள்ளூரில் செல்லமாக 'மவுண்ட் டாம்'. இதன் உச்சியில் பெய்யும் ஒரே மழை மூன்று வழியாகப் பிரிகிறது. வடக்குச் சரிவில் விழுந்தது லகுனிடாஸ் ஓடையில் சேர்ந்து வடமேற்காக ஓடி டோமாலெஸ் விரிகுடாவுக்குப் போகும். தென்மேற்குச் சரிவில் விழுந்தது ரெட்வுட் ஓடையாகி, வானுயர்ந்த மரங்கள் நிற்கும் மியூர் வுட்ஸ் காட்டின் நடுவே ஓடி, மியூர் பீச்சில் நேராகப் பசிபிக்கைத் தொடும். கிழக்கே விழுந்தது ராஸ் பள்ளத்தாக்கின் ஊர்கள் வழியாக கோர்ட்டே மடேரா ஓடையில் இறங்கி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கலக்கும்.

மழையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெய்வதில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து பெய்துவிடுகிறது. அதனால் மலைமேல் உள்ள லகுனிடாஸ் ஏரியில் வருட சராசரி சுமார் 52 அங்குலம். வடகிழக்கில் உள்ள நோவாட்டோவில் ஏறத்தாழ அதில் பாதிதான். பெய்வதும் அநேகமாக நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். கோடை முழுக்கச் சொட்டு மழை கிடையாது. ஆகவே பல சின்ன ஓடைகள் ஜனவரியில் முழங்கால் அளவு ஓடி, ஆகஸ்டில் வெறும் கல்லாகக் கிடக்கும். கல்லாகக் கிடக்கும்போது பார்த்துவிட்டு 'இதெல்லாம் ஓர் ஓடையா' என்று கரையோரம் வீடு கட்டியவர்கள் நிறைய. அவர்கள் கதையைப் பிறகு பார்ப்போம்.

இதுவரை தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினோம். பெரும்பாலான விளக்கங்கள் இத்தோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால், நீர்ப்பிடிப்புப் பகுதியைப் புரிந்துகொள்ளத் தண்ணீரை விட மண்ணைப் பின்தொடர்வது நல்லது. ஓடை மண்ணையும்தான் இறக்குகிறது: மேலே உருண்டைக் கல், நடுவில் சரளை, அப்புறம் மணல், கடைசியில் நீரோடு கலந்து வரும் வண்டல். எங்கே எது எவ்வளவு தங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எது வாழும் என்பது தீர்மானமாகிறது. மரினில் கடந்த 170 வருடங்களில் நடந்த கோளாறுகளை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே வேண்டாத இடத்தில் மண் சேர்ந்தது, அல்லது வேண்டிய இடத்துக்கு மண் போகாமல் நின்றது என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும்.

சரளைக் கல்லுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. கோஹோ சால்மன் என்ற மீன். மத்திய கலிஃபோர்னியக் கடற்கரையில் எஞ்சியிருக்கும் காட்டுக் கோஹோக்களில் கணிசமான பங்குக்கு லகுனிடாஸ் ஓடைதான் வீடு. மழைக்காலத்தில் ஓடை பெருகியதும் இவை கடலிலிருந்து மேலேறி வருகின்றன. பெண் மீன் சரளை நிறைந்த இடமாகப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, வாலால் படபடவென்று அடிக்கிறது. கற்கள் கிளம்பி நீரோட்டத்தில் சற்றுத் தள்ளிப் போய் விழ, ஒரு குழி உண்டாகிறது. முட்டைகளை அதில் இட்டு, ஆண் மீன் வந்து கருவூட்டியதும், பெண் மீன் கொஞ்சம் மேலே நகர்ந்து மறுபடி தோண்டுகிறது. அங்கே கிளம்பும் கற்கள் முதல் குழியை மூடிவிடுகின்றன. இப்படியே குழிக்கு மேல் குழியாகப் போகும். பாலத்தின் மேல் நின்று பார்த்தால், சுற்றிலும் பாசி படிந்த கருங்கற்களுக்கு நடுவே அந்த இடம் மட்டும் கழுவி வைத்தது மாதிரி வெளுப்பாகத் தெரியும். முட்டையிட்டபின் தாய் மீன் சில நாட்கள் அங்கேயே காவல் இருந்து செத்துப்போகும்.

முட்டைகளுக்கு மூச்சு விடக் கல் இடுக்குகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். மேலே எங்கோ ஒரு மண் சாலையின் ஓரம் இடிந்து, மெல்லிய வண்டல் வந்து இடுக்குகளை அடைத்தால் போதும், குழியோடு முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். கரையில் நின்று பார்த்தால் ஓடையில் எந்த மாற்றமும் தெரியாது.

தப்பிப் பிறந்த குஞ்சுகள் உடனே கடலுக்குப் போவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடையிலேயே வளர்கின்றன. கோடையில் நிழலும் குளிர்ச்சியும் உள்ள மடு வேண்டும். குளிர்கால வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் ஒதுங்க, விழுந்து கிடக்கும் பெரிய மரத்தண்டோ பக்கக் கால்வாயோ வேண்டும். அப்புறம்தான் கடல். அங்கே ஒன்றரை வருடம் போல வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வருகின்றன. மொத்தம் மூன்று வருட வாழ்க்கை. இதில் ஒரு சிக்கல்: ஒரு வருடத்து முட்டைகள் மொத்தமாகப் போனால், மூன்று வருடம் கழித்து வரவேண்டிய கூட்டமும் இல்லை என்று அர்த்தம். இந்தக் கடற்கரையின் கோஹோவை 1996-ல் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவித்த அமெரிக்க அரசு, 2005-ல் அழியும் நிலையில் இருப்பதாக மாற்றியது.

ஏன் இந்த நிலை? லகுனிடாஸ் ஓடையின் மேல் மட்டுமே நான்கு அணைகள். முதலாவது 1870-களில் கட்டியது, நான்காவதான பீட்டர்ஸ் அணை 1950-களில் வந்தது. துணை ஓடையான நிகாசியோவின் மேல் இன்னொன்று. இவற்றின் நீர்தான் மரினின் தென்பகுதி ஊர்களுக்குக் குடிநீர், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பீட்டர்ஸ் அணைக்கு மேலே உள்ள ஓடை முழுவதும் மீனுக்கு மூடிய கதவு. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், மலையிலிருந்து உருண்டு வரும் சரளை அணைக்குள்ளேயே தங்கிவிடுவது. கீழே ஓடும் தண்ணீர் பழைய சரளையை அரித்துக்கொண்டு போகிறது, புதிது வருவதில்லை. அணையிலிருந்து எவ்வளவு நீர் கட்டாயம் திறந்துவிடணும் என்று மாநில நீர்வள வாரியம் 1995-ல் உத்தரவு போட்டது. அதனால் கோடையிலும் லகுனிடாஸ் வற்றாமல் ஓடுகிறது. சரளையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியுமா? துணை ஓடைகள்தான் கொண்டுவரணும். அணையே இல்லாத சான் ஜெரோனிமோ ஓடைக்கு இத்தனை மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளத்தாக்கில் கரையோரக் கட்டுமான விதிகள் பற்றி வருடக்கணக்கில் வழக்கு நடந்ததற்கும் காரணம் அதுவே.

மரத்தண்டு விஷயம் இன்னும் வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஓடையில் கிடக்கும் மரங்கள் மீனுக்குத் தடை என்று நினைத்து, மீன்வளத் துறைகளே ஆள் வைத்து அப்புறப்படுத்தின. இப்போது அதே மாதிரித் தண்டுகளைக் கிரேன் வைத்துத் தூக்கி, கரையில் பிணைத்து, ஓடைக்குள் இறக்குகிறார்கள்.

லகுனிடாஸ் கடலைச் சேரும் இடம் டோமாலெஸ் விரிகுடா. 24 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் போல அகலம், கோடு கிழித்தது போல நேராக இருக்கும். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அதன் அடியில் ஓடுவதுதான் காரணம். 1906 நிலநடுக்கத்தில் விரிகுடாவின் தலைப்பகுதியைக் குறுக்கே கடந்த ஒரு சாலை சுமார் 20 அடி விலகிப் போனது. அதை நேரில் வந்து ஆராய்ந்தவர் கில்பர்ட் என்ற புவியியலாளர். பெயரை நினைவில் வையுங்கள், மண் கதையில் அவர் இன்னொரு முறை வருகிறார்.

இந்த விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். சுற்றியுள்ள மேடுகளில் மாட்டுப் பண்ணைகள். பலத்த மழை பெய்தால் சாணத்தில் உள்ள கிருமிகள் ஓடை வழியாக இறங்கிவிடும். அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பெய்தால் சிப்பி எடுப்பதைச் சில நாட்கள் நிறுத்தியாகணும் என்பது சட்டம். எங்கோ மேட்டில் மேயும் மாடு கீழே சிப்பிக்காரரின் அந்த வார வருமானத்தை முடிவு செய்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று ஒரே உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் மோசமான உதாரணமும் அங்கேயே இருக்கிறது. விரிகுடாவின் வடகோடியில் சேரும் வாக்கர் ஓடையின் மேற்பகுதியில் 1960-களில் ஒரு பாதரசச் சுரங்கம் இயங்கியது. மூடிய பிறகு கழிவு மண் ஒரு தடுப்பணைக்குப் பின்னால் கிடந்தது. 1982 ஜனவரிப் புயலில் தடுப்பு உடைந்து, பாதரசம் கலந்த மண் ஓடையில் இறங்கி விரிகுடாவரை போனது. சுரங்கத்தைச் சீர்செய்து மூடியது 1990-களின் இறுதியில்தான்.

விரிகுடாவின் தென்கோடியில் நடந்தது நல்ல கதை. லகுனிடாஸ் வந்து விரியும் அந்தச் சதுப்பை 1940-களில் மண்கரை எழுப்பி அடைத்துப் பால் பண்ணையாக்கினார்கள். ஜியாகோமினி பண்ணை என்று பெயர். 2000-ல் தேசியப் பூங்காத் துறை நிலத்தை வாங்கியது. 2008 அக்டோபரில் கரைகளை அகற்றி அலையை உள்ளே விட்டார்கள். சுமார் 550 ஏக்கர். வெள்ளம் பரவ இடம் கிடைத்ததால், ஓடை கொண்டுவரும் வண்டலில் ஒரு பகுதி அங்கே படிகிறது. வாத்துகளும் கரையோரப் பறவைகளும் வந்துவிட்டன.

தெற்கே உள்ள போலினாஸ் காயலில் நேர்மாறான கவலை இருந்தது. தங்க வேட்டைக் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவைக் கட்ட மரம் வெட்டியபோது மலைச்சரிவு அரித்துக் காயலுக்குள் மண் வந்து சேர்ந்தது. 'காயல் தூர்ந்து புல்வெளியாகிவிடும், தோண்டணும்' என்று ஒரு பெரிய திட்டம் தயாரானது. பிறகு நடந்த ஆய்வு, அங்கே சேரும் மண்ணில் பெரும்பகுதி அலை கொண்டுவரும் கடல் மணல் என்றும், காயல் சீக்கிரம் மூடிவிடாது என்றும் சொன்னதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே நிலப்பிளவின் மேல்தான் போலினாஸும் இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்தில் காயலின் தரை இறங்கி, ஆழம் புதுப்பிக்கப்படுகிறது. மனிதக் கணக்கில் இது நீண்ட காலம். காயலுக்கு அவசரம் இல்லை. 1998-ல் போலினாஸும் 2002-ல் டோமாலெஸும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

மேற்கு மரின் இப்படியென்றால், கிழக்குச் சரிவில் ஜனங்கள் நெருக்கம். கோர்ட்டே மடேரா ஓடையின் பள்ளத்தாக்கில் ஊர் மேல் ஊர். சான் ஆன்செல்மோ கடைத்தெருவில் சில கட்டடங்களை ஓடைக்கு மேலேயே கட்டியிருந்தார்கள். கூரையும் சாலையும் மழையை மண்ணுக்குள் இறங்க விடாததால், பெய்த கொஞ்ச நேரத்தில் மொத்தமும் ஓடைக்கு வந்துவிடும். 1960-களின் இறுதியில் இராணுவப் பொறியாளர் படை ஓடையின் கீழ்ப்பகுதியைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றியது. மேலே நீட்டிக்க வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்ததால் வேலை பாதியில் நின்றது. 1982 ஜனவரியில் ஊருக்குள் வெள்ளம். 2005 டிசம்பர் 31 அன்று மறுபடியும். கான்கிரீட்டில் சரளை தங்காது, மடு இருக்காது, நிழல் இருக்காது. கோஹோ இந்த ஓடையை விட்டுப் போய்விட்டது. ஸ்டீல்ஹெட் என்ற இன்னொரு மீன் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது.

தெருவோரச் சாக்கடைத் துளைகளின் பக்கத்தில் 'கொட்டாதீர், விரிகுடாவுக்குப் போகிறது' என்று மீன் படத்தோடு எழுதியிருக்கும். அலங்காரத்துக்கு எழுதியதல்ல. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்கும் விரிகுடாவுக்கும் போகிறது. கார் கழுவிய சோப்புத் தண்ணீரும் அதே வழிதான்.

இனி ஈரநிலம். கிழக்குக் கரையில் அது உப்புச் சதுப்பு. தினம் இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் சேற்று நிலம். அடிமட்டத்தில் உயரமான கோரைப்புல். அதற்குச் சற்று மேலே பிக்கிள்வீட் என்ற சதைப்பற்றான செடி. தமிழ்நாட்டு உப்பளக் கரைகளில் உமரி பார்த்தவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும், இரண்டும் ஒரே குடும்பம். கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சுண்டெலி இந்தச் செடிக்குள் வாழ்கிறது. உப்புத் தண்ணீரைக் குடித்தும் அதனால் உயிர் வாழ முடியும். ரிட்ஜ்வே ரெயில் என்ற காணாங்கோழி இனம் கோரைக்குள் கூடு கட்டுகிறது. கடல் மிக உயரமாக ஏறும் நாளில் இரண்டும் சதுப்பின் மேல் விளிம்பில் உள்ள புதர்களுக்கு ஓடி ஒளியும். அந்த விளிம்பில் நடைபாதையோ வேலியோ இருந்தால், ஒளிய இடமின்றிப் பருந்துக்கும் பூனைக்கும் இரையாகும்.

சதுப்பு ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. அலை கொண்டுவரும் சேற்றைச் செடிகள் பிடித்துவைத்துக்கொள்ள, அழுகிய வேர்களும் சேர்ந்து, வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் உயர்கிறது. கடல்மட்டம் உயரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இதுவும் உயர்ந்தால் பிழைக்கும். அதற்குச் சேறு வேண்டும். இங்கேதான் கில்பர்ட் திரும்ப வருகிறார். 1850-களிலிருந்து, கலிஃபோர்னியாவின் கிழக்கே உள்ள சியெரா மலைகளில் தங்கத்துக்காக மலைகளையே தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்த மண் ஆறுகள் வழியாக விரிகுடாவுக்குள் வந்து குவிந்தது. 1884-ல் நீதிமன்றம் தடுத்தது. எவ்வளவு மண் வந்தது, எங்கே போனது என்று கணக்கிட்டு 1917-ல் கில்பர்ட் எழுதியதைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய மண் வரவு இப்போது தீர்ந்துகொண்டிருக்கிறது. ஆறுகளின் மேல் அணைகளும் வந்துவிட்டன. கடல் உயரும் காலத்தில் சேறு குறைகிறது.

கரை கட்டி அடைத்த சதுப்புகளின் நிலை இன்னும் மோசம். அலை வராமல் காய்ந்த மண்ணில் காற்று புகுந்து, உள்ளிருக்கும் வேர்ப்பொருள் சிதைந்து, தரை அமுங்கிவிடும். நோவாட்டோ பக்கத்தில் 1930-களில் சதுப்பை அடைத்துக் கட்டிய ஹாமில்டன் விமானத் தளம் இப்படிக் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தளம் மூடிய பிறகு அதை மறுபடி சதுப்பாக்க நினைத்தபோது, கரையை உடைத்தால் செடி முளைக்க முடியாத ஆழமான குளம்தான் கிடைக்கும் என்ற நிலை. ஆகவே ஓக்லாந்து துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டியதில் கிடைத்த சேற்றைக் கொண்டுவந்து குழாய் வழியாக இறைத்தார்கள். ஏறத்தாழ 60 லட்சம் கன கெஜம் கொட்டித் தரையை உயர்த்தியபின், 2014 ஏப்ரலில் கரையை உடைத்தார்கள். பழைய ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது அலை வந்து போகிறது.

இது பறவைக்கும் எலிக்கும் மட்டுமான விவகாரம் இல்லை. மில் வேலிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைப் பாலத்தடியில் மன்சானிட்டா என்ற கார் நிறுத்துமிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் கடல் மிக உயரமாக ஏறும் நாட்களில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கணுக்கால் தண்ணீர் நிற்கும். வடிகால் வழியாகக் கடல் பின்னோக்கி ஏறி வருகிறது. நோவாட்டோ ஓடைக்கு அருகே 37-ஆம் எண் நெடுஞ்சாலை 2017-லும் 2019-லும் வெள்ளத்தால் நாட்கணக்கில் மூடப்பட்டது. அகலமான சதுப்பு முன்னால் இருந்தால் அலையின் வேகம் அதிலேயே தணிந்துவிடும். கரையை இத்தனை உயரமாகக் கட்டவேண்டிய அவசியமும் இருக்காது.

2016-ல் விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளின் மக்களும் வாக்களித்து, நிலமனை ஒன்றுக்கு வருடம் 12 டாலர் என்று 20 வருடங்களுக்கு வரி போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணம் சதுப்பு மீட்புக்குப் போகிறது. ஆனால் கப்பல் வழித்தடங்களிலிருந்து தூர்வாரும் சேற்றில் ஒரு பகுதி இன்னமும் விரிகுடாவுக்குள் இருக்கும் அல்காட்ராஸ் தீவுக்குப் பக்கத்திலும், கோல்டன் கேட்டுக்கு வெகுதூரம் மேற்கே ஆழ்கடலிலும்தான் கொட்டப்படுகிறது. சதுப்புவரை கொண்டுபோய் இறைப்பதற்குச் செலவு கூடுதல். அந்தக் கூடுதலை யார் தருவது என்பதில்தான் இழுபறி. நோவாட்டோ ஓடையில் வெள்ளத்துக்குப் பயந்து சில வருடங்களுக்கு ஒருமுறை வண்டலைத் தோண்டி எடுக்கிறார்கள். அது முன்பு தானாகவே கீழே உள்ள சதுப்பில் போய்ப் படிந்த வண்டல்தான். இரு பக்கமும் மண்கரை போட்டு ஓடையை ஒடுக்கியதால் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கரைகளைப் பின்னுக்குத் தள்ளி, ஓடையையே மறுபடி அந்த வேலையைச் செய்யவிடலாம் என்பது இப்போது அங்கே பேசப்படும் யோசனைகளில் ஒன்று.